இசைத்தட்டில் வாழும் எஸ்.ஜி. கிட்டப்பா

கலைகளுள் காற்றோடு கலந்து மறைவது இசை. கல்லில் வடித்த சிற்பமும் ஏட்டில் எழுதிய பாட்டும் ஆக்கியோன் மறைந்த பின்னும் நிலைத்து நிற்கின்றன. பாடகனின் குரலோ பாடி முடித்த கணத்திலேயே மறைந்துபோகிறது. அரியலூர்ப் பகுதிக்கு இவ்வுண்மை புதிதன்று. உடையார்பாளையத்தில் கச்சிக் கல்யாணரங்கரின் ஆதரவில் விளங்கிய கனம் கிருஷ்ணையர், கனமார்க்கம் என்னும் அரிய பாடுமுறையில் தேர்ச்சி பெற்றவர். அவர் இயற்றிய பதங்கள் இன்றும் பாடப்படுகின்றன. அவரிடம் இசை பயின்றவருள் ஒருவர் டாக்டர் உ.வே. சாமிநாதையரின் தந்தையார். சாமிநாதையர் 1936இல் கிருஷ்ணையரின் வரலாற்றைத் தனி நூலாகவே எழுதி வெளியிட்டார். இத்தனையும் இருந்தும், அந்தக் கனமார்க்கம் எவ்வாறு ஒலித்தது என்பதைச் செவியால் அறிய இன்று வழியில்லை. ஏடு காத்தது பாட்டை. குரலைக் காக்க அன்று கருவி இல்லை.

கிருஷ்ணையருக்கு ஒரு நூற்றாண்டு பிற்பட்டு வாழ்ந்த செங்கோட்டை கிட்டப்பாவின் நிலை வேறு. அவர் இருபத்தேழு ஆண்டுகளே வாழ்ந்தார். பேசும்படம் எதிலும் நடிக்கவில்லை. தமிழகத்தில் வானொலி வேரூன்றும் முன்பே மறைந்தார். ஆயினும் அவர் குரல் இன்றும் கேட்கிறது. அரக்கில் வார்த்த இசைத்தட்டுகளும், அவற்றைத் தேடித் திரட்டிக் காத்தவர்களின் உழைப்புமே அதற்குக் காரணம்.

இளமையும் பயிற்சியும்

கிட்டப்பா 1906 ஆகஸ்டு 25ஆம் நாள் செங்கோட்டையில் கங்காதர ஐயருக்கும் மீனாட்சி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். இயற்பெயர் இராமகிருஷ்ணன். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. 1956இல்தான் தமிழகத்தோடு இணைந்தது. குடும்பம் பெரிது, வருவாய் சிறிது. உடன்பிறந்தார் சிலர் நாடகத் தொழிலை நாடவே, கிட்டப்பாவும் பள்ளி செல்லும் வயதிலேயே மேடை ஏறினார்.

தமிழ் நாடகத் தலைமையாசிரியராகப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகளின் அரவணைப்பில் அச்சிறுவரின் நாடகப் பயிற்சி தொடங்கியது. அக்காலப் பாலர் நாடகக் குழுக்களில் உரையாடலைவிடப் பாட்டுக்கே முதலிடம். நூற்றுக்கணக்கான பாடல்களைச் சிறுவர்கள் கேள்வி வழியாகவே மனப்பாடம் செய்தனர். கிட்டப்பா ஒரு குருவிடம் அமர்ந்து முறையாகச் சங்கீதம் பயின்றவர் அல்லர். கச்சேரியிலும் நாடகத்திலும் கேட்டதை ஒரே கேள்வியில் பற்றிக்கொண்டு, தம் குரலுக்கேற்ப விரித்துப் பாடும் ஆற்றல் அவருக்கு இயல்பாக அமைந்திருந்தது.

பின்னர்க் காட்சி அமைப்புகளுக்குப் பெயர் பெற்ற கன்னையா கம்பெனியில் சகோதரர்களுடன் சேர்ந்தார். அக்கம்பெனியின் தசாவதாரம் நாடகத்தில் மோகினியாகவும் பரதனாகவும் தோன்றிப் பாடியது அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது. கண்ணைக் கவரும் காட்சிகளுக்காக வந்த கூட்டம், காதைக் கவரும் பாட்டுக்காகவும் வரத் தொடங்கியது.

மேடையும் இல்வாழ்வும்

ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைக்கோடியில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். உச்சத்தாயியில் நின்று நிலைக்கும் குரலே அன்று நடிகனின் முதற் செல்வம். கிட்டப்பாவுக்கு அக்குரல் இயல்பாக வாய்த்திருந்தது. மேல் நிலைகளில் பிருகாக்களைச் சிந்தியபடி அவர் பாட, தமையனார் காசி ஐயர் ஆர்மோனியத்தில் தொடர்ந்தார். ரசிகர்கள் மீண்டும் மீண்டும் கேட்க, ஒரே பாட்டு நெடுநேரம் நீள்வது வழக்கமாயிற்று.

1926ஆம் ஆண்டளவில் கொழும்பில், கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளுடன் வள்ளி திருமணத்தில் நடிக்கும் வாய்ப்பு வந்தது. சுந்தராம்பாள் அப்போது இலங்கையில் தனிப்பெரும் புகழுடன் விளங்கினார். இணையற்ற இரு குரல்கள் போட்டியாக எழுந்து, இறுதியில் ஒன்றிய இசைவிருந்தாக அது அமைந்தது. மேடைத் துணை வாழ்க்கைத் துணையாக மாறியது. கிட்டப்பா முன்பே கிட்டம்மாளை மணந்திருந்தார். அதை அறிந்தே சுந்தராம்பாள் 1927இல் அவரைக் கணவராக ஏற்றார். இருவரும் சேர்ந்து நடத்திய நாடகங்கள் தமிழகமெங்கும் வரவேற்பைப் பெற்றன. விடுதலை இயக்கத்தின் சார்பிலும் இருவரும் நின்றனர். தேசியப் பாடல்கள் அவர்கள் மேடையில் முழங்கின.

இல்வாழ்வு மேடையைப் போல் இனிக்கவில்லை. மனவேறுபாடு தோன்றிப் பிரிவு நேர்ந்தது. அப்பிரிவுக் காலத்தில் சுந்தராம்பாள் எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சேறியுள்ளன. கணவரைக் கடிந்துகொள்ளும் உரிமையும் அவருக்காக ஏங்கும் அன்பும் அவற்றில் ஒருங்கே வெளிப்படுகின்றன. புகழின் உச்சியில் இருந்த ஒரு கலைஞர் பெண்ணின் தனிமைக்கு அக்கடிதங்கள் சான்று.

ஓய்வறியாத மேடைவாழ்வும் மதுப்பழக்கமும் கிட்டப்பாவின் உடலை வெகுவிரைவில் தளர்த்தின என்பர். 1933 டிசம்பர் 2ஆம் நாள் அவர் மறைந்தார். இருபத்தைந்து வயதே நிரம்பிய சுந்தராம்பாள் வெண்ணிற ஆடை பூண்டார். எந்த ஆடவருடனும் இணையாக நடிப்பதில்லை எனவும் உறுதி பூண்டார். 1935இல் வெளிவந்த நந்தனார் படத்தில் ஆண் வேடமாகிய நந்தனாரையே ஏற்று நடித்தார். 1953இல் ஔவையாராக நடித்தார். 1980இல் மறையும்வரை தம் உறுதியினின்று வழுவவில்லை.

மூன்று நிமிடச் சிறை

இந்தியாவில் வாணிக முறையில் ஒலிப்பதிவு 1902இல் கல்கத்தாவில் தொடங்கிற்று. கிட்டப்பா புகழ்பெற்ற காலம், புனல் முன் நின்று கத்திப் பாடும் பழைய பதிவுமுறை நீங்கி, மின்வழி ஒலிவாங்கிப் பதிவு பரவிய காலம். அவர் குரலின் நுண்ணிய அசைவுகள் ஓரளவேனும் தட்டில் ஏறியதற்கு இக்கால ஒற்றுமை காரணம்.

அந்தத் தட்டு பத்து அங்குல விட்டமுடையது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 78 முறை சுழல்வது. ஒரு பக்கம் மூன்று நிமிட அளவே ஒலிப்பது. மேடையில் நெடுநேரம் விரித்த பாட்டை அம்மூன்று நிமிடத்துள் அடக்க வேண்டும். விரிவான ஆலாபனைக்கு இடமில்லை. ஒரு கீற்றிலேயே இராகத்தின் உருவம் தோன்ற வேண்டும். கிட்டப்பா இந்நெருக்கடியை அழகாக மாற்றிக்கொண்டார். தேவாமிர்தவர்ஷிணியில் அமைந்த தியாகராசரின் ‘எவரனி’ கீர்த்தனை இசையுலகைத் தாண்டிப் பாமரர் செவியையும் எட்டியதற்கு அவர் தட்டே பெருங்காரணம். ‘கோடையிலே’ எனத் தொடங்கும் வள்ளலாரின் அருட்பாவை அவர் பாடிய தட்டும் அத்தகையது. வடலூர் அடிகளின் உருக்கத்தை எழுத்தறியாதவர் இல்லத்திலும் அது கொண்டு சேர்த்தது.

கிராமபோன் பெட்டி வாங்க வசதியற்ற ஊரிலும் இத்தட்டுகள் ஒலித்தன. ஒரு வீட்டுத் திண்ணையில் பெட்டி சுழன்றால் தெருவே கேட்டது. ஒலிபெருக்கி வந்தபின் திருமணப் பந்தலிலும் கோயில் திருவிழாவிலும் ஒலித்தன. நாடக மேடையில் கிட்டப்பாவைக் கண்டறியாத தலைமுறை தட்டின் வழியாகவே அவரை அறிந்தது. அந்த வழியில் பாடிய டி.ஆர். மகாலிங்கத்தை அவருடைய இசைவாரிசு எனவே ரசிகர்கள் போற்றினர்.

அருமையின் காரணம்

இசைத்தட்டுச் சேகரிப்பு உலகெங்கும் உள்ள ஆர்வம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ‘சோல்’ இசையில், பிராங்க் வில்சன் 1965இல் பாடிய தட்டு ஒன்று விற்பனைக்கு வருமுன்பே நிறுத்தப்பட்டது. எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்க படிகளே. அவற்றுள் ஒன்று 2009இல் 25,000 பவுனுக்கு மேல் விலைபோயிற்று. அங்கு அருமைக்குக் காரணம் தட்டு மக்களைச் சென்றடையாமை.

கிட்டப்பாவின் தட்டு அரிதானதற்குக் காரணம் இதற்கு நேர் எதிரானது. அது மக்களைச் சென்றடைந்தது. சென்றடைந்த இடத்திலெல்லாம் ஓயாமல் ஒலித்தது. எஃகு ஊசி ஒவ்வொரு முறையும் தட்டின் வரித்தடத்தைச் சிறிது தேய்க்கிறது. ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்பது விதி. சிக்கனம் கருதி மழுங்கிய ஊசியையே பலமுறை இட்டவர் பலர். எனவே எவரும் விரும்பாத தட்டு புதுமெருகு குன்றாமல் கிடைக்கிறது. எல்லோரும் விரும்பிய தட்டு இரைச்சலாகக் கிடைக்கிறது. அன்பே தேய்த்த தட்டுகள் அவை. கிட்டப்பா தட்டு என்பதனாலேயே சேகரிப்பாளர் அதை அரிதெனக் கொள்வதில்லை. அவர் குரல் தேயாமல் எஞ்சிய படியையே அரிதெனக் கொள்கின்றனர்.

அழிவுக்கு வேறு காரணங்களும் உண்டு. தட்டு அரக்கால் ஆனது, கைதவறினால் மண்கலம் போல் உடையும், வெயிலில் வளையும், சாராயம் கலந்த நீர்மத்தால் துடைத்தால் கரையும். இரண்டாம் உலகப்போரின்போது அரக்குத் தட்டுப்பாடு ஏற்பட, மேலைநாடுகளில் பழைய தட்டுகளைத் திரட்டி உருக்கிப் புதியன வார்த்தனர். நெடுநேரத் தட்டும் ஒலிநாடாவும் வந்தபின், பழைய தட்டுகள் பரணுக்கும் அங்கிருந்து பழைய இரும்புக் கடைக்கும் சென்றன.

அவ்வாறு ஒதுக்கப்பட்டவற்றைத் தேடிச் சென்றவர்களே சேகரிப்பாளர்கள். 1985இல் தீக்கிரையாகும் வரை சென்னை மூர் மார்க்கெட்டு, பழைய நூல்களுக்கும் தட்டுகளுக்கும் புகலிடமாக இருந்தது. விலை கொடுத்து வாங்குவதைவிடத் தட்டுக்குத் தட்டு மாற்றிக்கொள்வதே இவர்களுக்கு உவப்பானது. ஒருவரிடம் இரண்டு படிகள் உள்ள தட்டு, மற்றொருவர் பல்லாண்டு தேடுவதாக இருக்கும். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து வரித்தடம் வெளிறியுள்ளதா, மயிரிழைக் கீறல் உள்ளதா எனப் பார்ப்பதும், லேபிளை ஒட்டிப் பொறித்துள்ள எண்ணைக்கொண்டு பதிவின் வரிசையைத் துணிவதும் இவர்களின் கலை. ஏட்டுச்சுவடியின் எழுத்தமைதி கண்டு காலம் துணியும் பதிப்பாசிரியரின் திறனுக்கு இது எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

பாடபேதம் போன்ற சிக்கலும் இதில் உண்டு. அக்காலத் தட்டுகள் யாவும் சரியாக 78 சுழற்சியில் பதிவானவை அல்ல. சுழலும் வேகம் சற்றே கூடினாலும் சுருதி ஏறும். ஆகவே கிட்டப்பா எந்தக் கட்டையில் பாடினார் என்பதை ஒரு தட்டை மட்டும் கேட்டுத் துணிதல் கூடாது. பல படிகளை ஒப்புநோக்கி, உடன் ஒலிக்கும் ஆர்மோனியத்தின் சுருதியையும் கருதிய பின்னரே முடிவுக்கு வருதல் தகும். ஒருவர் பெட்டியில் ஒரு தட்டும் மற்றொருவர் பெட்டியில் இன்னொன்றும் பூட்டிக் கிடந்தால் இவ்வாய்வுக்கு வழியில்லை.

நிறைவாக

சேகரிப்பில் ஓர் அறச்சிக்கல் உள்ளது. தட்டை ஒலிக்கச் செய்தால் அது தேய்கிறது. ஒலிக்கச் செய்யாவிடில் அது வெறும் அரக்கு. முற்காலத்தில் இதற்குத் தீர்வு இல்லை. இன்று மெல்லிய ஊசியால் ஒருமுறை ஒலிக்கச் செய்து கணிப்பொறியில் பதிந்துகொண்டால், தட்டையும் காக்கலாம். குரலையும் யாவர்க்கும் வழங்கலாம். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் நூல்களோடு நாடக நோட்டீசுகளையும் இசைத்தட்டுகளையும் போற்றிக் காப்பது, பழைய தட்டும் ஆவணமே என்னும் தெளிவின் பயனாகும்.

அரியலூரிலும் குன்னத்திலும் இளமையைக் கழித்த சாமிநாதையர் பிற்காலத்தில் ஊர் ஊராகச் சென்று சுவடி தேடியபோது, ஆற்றில் விட்டவையும் அடுப்பில் இட்டவையும் போக எஞ்சியவையே அவர் கைக்கு எட்டின. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிப் பரண்களில் எஞ்சியுள்ள தட்டுகளின் நிலையும் இன்று அதுவே. மூத்தோர் மறைந்து வீடு இடிபடும்போது, எடைக்குப் போகும் பொருள்களுள் ஒரு கிட்டப்பா தட்டும் இருக்கக்கூடும். அதைக் கண்டெடுப்பவர் விலை பேசுவதில் தவறில்லை. விற்கும் முன் பதிந்துகொள்வதே கடமை. கனம் கிருஷ்ணையரின் குரல் போயிற்று. அதற்கு எவரும் பொறுப்பல்லர். கிட்டப்பாவின் குரல் போனால் அப்படிச் சொல்லித் தப்ப இயலாது.