கட்டிலைக் கொடுத்த அம்மையார்



முதியோருக்கு உதவி என்றதும் நமது கை சட்டைப் பைக்குச் செல்கிறது. தள்ளாத வயதில் தனித்திருப்பவருக்குப் பணத்தினும் அவசியமானவை படுக்க ஓர் இடமும், பக்கத்தில் ஒரு மனிதரும் என்பதைத் தம் வாழ்வால் உணர்த்தியவர் பிரான்சு நாட்டின் ழான் ஜூகான் அம்மையார். அவர் கத்தோலிக்கக் கிறிஸ்தவர். எனினும் நற்செயல் எங்கிருப்பினும் அதிலிருந்து பாடம் பெறுதல் நமக்கு அழகு.

1792 அக்டோபர் 25 அன்று, கான்கால் என்னும் கடற்கரை ஊரில் அவர் பிறந்தார். கடலோடியான தந்தை, மகள் சிறு குழந்தையாக இருந்தபோதே கடலுக்குச் சென்று திரும்பவில்லை. ழான் பதினாறு வயதளவில் சமையலறைப் பணிப்பெண் ஆனார். 1817-இல் செயின்ட் செர்வான் நகருக்குச் சென்று, மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனித்தார். பின்னர் வீட்டுவேலை செய்து வாழ்ந்தார்.

1839 குளிர்காலம். பார்வையிழந்து, பக்கவாதத்தால் நலிந்து, ஆதரவற்றுக் கிடந்த ஆன் சோவான் என்னும் மூதாட்டியை அம்மையார் தமது வாடகை வீட்டிற்குச் சுமந்து வந்தார். தம் கட்டிலை அவருக்கு அளித்துவிட்டு, தாம் பரண் அறையில் படுத்துறங்கினார். அப்போது அவருக்கு வயது 47. சொத்தென்று சொல்ல ஏதுமில்லை. விரைவில் இன்னொரு மூதாட்டியும் வந்து சேர்ந்தார். 1841-இல் பன்னிருவருக்கு இடமளிக்கும் வீடு. 1842-இல் பழைய கன்னியர் மடமொன்று என இல்லம் வளர்ந்தது.

அங்கு வந்தவர்களுள் பலர் அதுவரை வீடுவீடாகக் கையேந்தியவர்கள். அந்த இழிவு இனி அவர்களுக்கு வேண்டாமென, கூடையை ஏந்தி அதே வாசல்களுக்கு அம்மையாரே சென்றார். இயன்ற முதியோர் கம்பளி நூல் நூற்றனர். அவர்கள் அங்கு விருந்தாளிகளல்லர். அது அவர்களது வீடு.

1843-இல் சக சகோதரிகள் அவரைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தும், லெ பயேர் என்ற பாதிரியார் அத்தேர்வை ஏற்காது வேறொருவரை நியமித்தார். 1845-இல் பிரெஞ்சு அகாதெமி 3,000 பிராங்கு பரிசளித்துப் பாராட்டிய பின்னரும் நிலை மாறவில்லை. 1852-இல் அவர் வெளிப்பணியிலிருந்தும் அழைத்துக்கொள்ளப்பட்டார். பின்னர் 27 ஆண்டுகள், தம் இயக்கத்தின் நிறுவனர் தாமே என்பதைப் பல இளம் சகோதரிகள் அறியாமலே, அவர்களிடையே வாழ்ந்தார். உரிமை கோரி வழக்காடவில்லை. 1879 ஆகஸ்டு 29-இல் மறைந்தபோது அவ்வியக்கத்தில் ஏறத்தாழ 2,400 சகோதரிகள் இருந்தனர். 1882-இல் அவர்கள் கல்கத்தாவிலும் முதியோர் இல்லம் கண்டனர். 1890-இல் அப்பாதிரியார் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார், உண்மை வெளிவந்தது. 2009-இல் கத்தோலிக்கத் திருச்சபை அம்மையாருக்குப் புனிதர் பட்டம் அளித்தது.

ஜமாஅத்தார்களே! பல மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடித் திருப்பூர் வந்து, பனியன் கம்பெனிகளில் கைமடித்தும் செக்கிங் பார்த்தும் கண்ணொளி தேய்ந்தவர்கள் நம் தெருக்களிலும் உண்டு. லைன் வீட்டின் ஒற்றை அறையில், பேச்சுத் துணையின்றி அவர்கள் பொழுது கழிகிறது. இல்லம் எழுப்பும் வசதி நம்மில் சிலருக்கே இருக்கலாம். மஃரிபுக்குப் பின் அரைமணி நேரம் அவர்களருகே சென்று அமர்வது நம் அனைவருக்கும் இயலும். அதற்குப் பெயர்ப்பலகையும் தேவையில்லை. நன்கொடையாளர் பட்டியலும் தேவையில்லை.