மிளகாய்ப் பழத்தில் புதையல் கண்ட டாக்டர்

ஆப்பிளை நறுக்கி வைத்தால் சிறிது நேரத்தில் பழுப்பு நிறமாகி விடுகிறது. வாழைப்பழமும் அப்படித்தான். ஆனால் எலுமிச்சம் பழம் அப்படி ஆவதில்லை. ஏன்?

நாம் பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம். ஒருவர் அதற்குக் காரணம் தேடினார். அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது! அவர்தான் ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட் ஜியார்ஜி.

போர்முனையில்

இவர் 1893-ம் ஆண்டு செப்டம்பர் 16-ந் தேதி புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது, 1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. போர்முனைக்குச் சென்றார். அங்கே மனிதர்கள் வீணாக மடிவதைக் கண்டு மனம் உடைந்தார். 1916-ல் தம் கையில் தாமே சுட்டுக்கொண்டார். எதிரியின் குண்டு பட்டதாகச் சொல்லி ஊர் திரும்பினார். மறு ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார்.

வேலை போயிற்று

போருக்குப் பின் வேலை தேடி நாடு நாடாக அலைந்தார். ஹாலந்தில் பழங்களைப் பற்றிய ஆராய்ச்சியில் இறங்கினார். நறுக்கிய பழத்தின் மேல் காற்றிலுள்ள பிராணவாயு படுகிறது. அதனால் நிறம் மாறுகிறது. எலுமிச்சை இனப் பழங்களில் உள்ள ஏதோ ஒரு பொருள் இதைத் தடுக்கிறது என்று கண்டார்.

1926-ல் வேலை போயிற்று. மனைவியையும் மகளையும் ஊருக்கு அனுப்பிவிட்டார். வாழ்க்கையே வெறுத்த அந்த நேரத்தில், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைப் பேராசிரியர் ஹாப்கின்ஸ் இவரை அழைத்துக்கொண்டார்.

1928-ல் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். அது இன்னதென்று தெரியவில்லை. கடவுளுக்குத்தான் தெரியும் என்று பொருள்படும் ஒரு வேடிக்கைப் பெயரை அதற்குச் சூட்டினார்! பத்திரிகை ஆசிரியர் அதை ஏற்கவில்லை.

மாலுமிகளைக் கொன்ற நோய்

அந்தக் காலத்தில் கப்பலில் மாதக்கணக்கில் செல்லும் மாலுமிகளுக்குக் காய்கனி கிடைக்காது. ஈறு வீங்கி ரத்தம் கசியும். பல் ஆடும். ஆறிய புண்ணும் திறக்கும். இந்த நோயின் பெயர் ஸ்கர்வி. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஆரஞ்சும் எலுமிச்சையும் இதைக் குணமாக்கும் என்பதை 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற டாக்டர் சோதித்துக் காட்டினார். ஆனால் அவற்றிலுள்ள சத்து எது என்பது தெரியாமலே இருந்தது.

1931-ல் சென்ட் ஜியார்ஜி ஹங்கேரியிலுள்ள செகெட் நகரில் பேராசிரியர் ஆனார். அங்கே, ஸ்கர்வி வரும்படியான உணவைக் கினிப் பன்றிகளுக்குக் கொடுத்துச் சோதனை நடந்தது. தாம் கண்டுபிடித்த பொருளைச் சேர்த்துக் கொடுத்த பன்றிகளுக்கு நோய் வரவில்லை! அதுதான் வைட்டமின் சி.

மிளகாய்ப் பழம்

ஆனால் கையில் இருந்தது மிகக் கொஞ்சம். ஆராய்ச்சி தொடர வழியில்லை.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் மனைவி சிவப்பு மிளகாய்ப் பழம் வைத்தார். டாக்டருக்கு அதைத் தின்னப் பிடிக்கவில்லை. மனைவியிடம் சொல்லவும் தைரியம் இல்லை. ஆராய வேண்டும் என்று சாக்குச் சொல்லி, எடுத்துக்கொண்டு ஆராய்ச்சிக்கூடத்துக்கு நடந்தார். நள்ளிரவுக்குள் தெரிந்துவிட்டது: மிளகாய்ப் பழம் வைட்டமின் சி நிறைந்த புதையல்!

சில வாரங்களில் ஒரு கிலோவுக்கு மேல் சேர்ந்தது. அதைப் பூட்டி வைக்கவில்லை. கேட்ட விஞ்ஞானிகளுக்கெல்லாம் அனுப்பி வைத்தார். 1937-ல் நோபல் பரிசு பெற்றார்.

காட்டுக் கனி

இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்துக்கு ஆரஞ்சு வருவது அரிதாயிற்று. பள்ளிப் பிள்ளைகள் கூட வேலிகளில் தானாக விளையும் காட்டு ரோஜாவின் கனிகளைப் பறித்துக் கொடுத்தார்கள். அவற்றில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உண்டு. அதில் செய்த பாகு குழந்தைகளைக் காத்தது.

அதே போரில் ஹிட்லரை எதிர்த்ததால், சென்ட் ஜியார்ஜி தலைமறைவாக வாழ நேர்ந்தது. 1947-ல் அமெரிக்கா சென்றார். 1986-ம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி அங்கேயே காலமானார்.

நறுக்கிய பழத்தைக் காக்கும் அந்தப் பொருள் நம் உடலையும் காக்கிறது. அதை நம் உடல் தானாக உண்டாக்கிக்கொள்ளாது. சாப்பாட்டிலிருந்துதான் பெற வேண்டும். அதற்கு விலை உயர்ந்த பழம் தேவை இல்லை. நம் காட்டில் காய்க்கும் நெல்லிக்காயிலும் அது ஏராளமாக இருக்கிறது!