146 பேர் செத்த தீ விபத்து! தொழிலாளிக்குச் சட்டம் வாங்கித் தந்த பேப்பர் பையன்

சங்கத்தில் சேர்ந்தான் என்பதற்காக ஒரு தொழிலாளியை முதலாளி வேலையை விட்டுத் தூக்கக் கூடாது. அமெரிக்காவில் இப்படி ஒரு சட்டம் 1935-ல் வந்தது. கொண்டு வந்தவர் செனட்டர் ராபர்ட் வாக்னர். சின்ன வயதில் நியூயார்க்கில் பேப்பர் விற்ற பையன்!

பிறந்தது ஜெர்மனியில், 1877-ல். பிழைப்பு தேடிக் குடும்பம் கப்பல் ஏறியது. அப்பாவுக்கு மாடிக் கட்டடங்களைக் கூட்டிப் பெருக்கும் வேலை. அண்ணன் கை கொடுத்ததால் வாக்னர் படித்து வக்கீலானார். பிறகு நியூயார்க் மாநில சட்டசபைக்கும், அடுத்து மேல்சபைக்கும் போனார்.

பூட்டிய கதவு

1911 மார்ச் 25. நியூயார்க்கில் டிரையாங்கிள் என்ற சட்டை தைக்கும் கம்பெனியில் தீப்பிடித்தது. மாடிப்படிக் கதவு ஒன்று பூட்டிக் கிடந்தது. திறந்து விட்டால் பெண்கள் துணியைத் திருடிக் கொண்டு போய் விடுவார்களாம்! தீயணைப்பு ஏணி அந்த மாடிக்கு எட்டவில்லை. பலர் ஜன்னல் வழியே குதித்தார்கள். 146 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் இளம் பெண்கள்.

விசாரணைக் கமிஷனுக்கு வாக்னர் தலைவர். தொழிற்சாலை தொழிற்சாலையாக ஏறி இறங்கினார். ஓரிடத்தில் தீ வந்தால் தப்பிக்கும் வழி என்று போர்டு. பார்த்தால் சுவரில் ஒரு பொந்து! வாக்னரே அதில் ஊர்ந்து போனார். வெளியே பனி உறைந்த இரும்பு ஏணி. அதுவும் தரைக்கு 12 அடி மேலேயே முடிந்து போச்சு. கமிஷன் விசாரணையால் முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் வந்தன.

வேலை இல்லாக் காலம்

1927-ல் செனட்டரானார். வேலை இல்லாதவர்களை ஒழுங்காகக் கணக்கெடுங்கள் என்று 1928-லேயே கேட்டார். அடுத்த வருஷம் பங்கு மார்க்கெட் சரிந்தது. 1933-ல் நாலில் ஒருத்தருக்கு வேலை இல்லை!

வேலை தேடித் தரும் ஆபீஸ்கள் திறக்க அவர் கொண்டு வந்த மசோதாவை 1931-ல் ஜனாதிபதி ஹூவர் தள்ளி விட்டார். ரூஸ்வெல்ட் வந்த பிறகு 1933-ல் அப்படி ஒரு சட்டம் நிறைவேறியது. 1935-ல் சங்கச் சட்டம், வயதானவர்களுக்குப் பென்ஷன் சட்டம் இரண்டும் வந்தன. சங்கச் சட்டம் செல்லாது என்று கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. செல்லும் என்று 1937-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

தோற்றதும் உண்டு. பண்ணைக் கூலிகளும் வீட்டு வேலைக்காரர்களும் சங்கச் சட்டத்தில் சேரவில்லை. கறுப்பர்களைக் கும்பலாக அடித்துக் கொல்வதைத் தடுக்கும் மசோதா செனட்டில் முடங்கியது. ஹிட்லரிடமிருந்து 20 ஆயிரம் குழந்தைகளைக் காப்பாற்ற 1939-ல் கொண்டு வந்த மசோதாவும் தேறவில்லை. அவரே ஜெர்மனியிலிருந்து வந்த குழந்தைதான்!

உடம்பு முடியாமல் 1949-ல் பதவி விலகினார். 1953 மே 4-ல் காலமானார். அதே வருஷம் மகன் நியூயார்க் மேயர் தேர்தலில் ஜெயித்தார். வாக்னரின் காகிதங்கள் வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன.