செத்த மிருகங்களை நிமிர்ந்து நிற்கவைத்தவர்
சிறுத்தையோடு கட்டிப் புரண்ட கார்ல் ஏக்லியின் கதை

ஆப்பிரிக்கா கண்டத்தில் சோமாலிலாந்து என்ற வறண்ட நாடு. 1896-ம் ஆண்டு. பொழுது சாய்ந்து, இருட்டிக்கொண்டு வந்த நேரம்.

புதருக்குள் ஏதோ அசைந்தது. அது என்ன மிருகம் என்று பார்க்காமலே ஒரு வாலிபர் துப்பாக்கியால் சுட்டுவிட்டார். உள்ளே இருந்து வந்தது உறுமல். புதருக்குள் இருந்தது சிறுத்தைப்புலி!

காயம்பட்ட சிறுத்தை அவர் மீது பாய்ந்தது. துப்பாக்கி கையை விட்டுப் போய்விட்டது. கழுத்துக்கு வைத்த குறி தப்பி, வலது கையைக் கவ்வியது சிறுத்தை. அவர் இடது கையால் அதன் கழுத்தைப் பிடித்து நெரித்தார். கவ்விய கையை வெளியே இழுக்கப் பார்க்கவில்லை. அதன் தொண்டைக்குள் மேலும் மேலும் திணித்தார்! இருவரும் கீழே விழுந்தார்கள். முழங்காலை அதன் நெஞ்சில் ஊன்றி அழுத்தினார். விலா எலும்பு நொறுங்கியது. சிறுத்தை அடங்கியது.

சிறுத்தையின் எடை 80 ராத்தல். அதைத் தொங்கவிட்டு, கையில் கட்டுடன் பக்கத்தில் நின்று அவர் எடுத்துக்கொண்ட போட்டோ உலகம் எங்கும் பரவியது.

அவர் பெயர் கார்ல் ஏக்லி. அமெரிக்கர். வேட்டை அவருக்குப் பொழுதுபோக்கு அல்ல. செத்த மிருகங்களைப் பாடம் செய்து, பொருட்காட்சி சாலையில் வைப்பதுதான் அவர் தொழில்.

வைக்கோல் பொம்மைகள்

1864-ம் ஆண்டு மே மாதம் 19-ந் தேதி, நியூயார்க் மாகாணத்தில் கிளாரண்டன் என்ற ஊரில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் ஏக்லி. பையனுக்குப் பறவைகள் மீது பைத்தியம். செத்த பறவைகளை எப்படிப் பாடம் செய்வது என்று புத்தகம் பார்த்துத் தானே கற்றுக்கொண்டான்.

19-வது வயதில், ராச்செஸ்டர் நகரில் பொருட்காட்சி சாலைகளுக்கு மிருகங்களைப் பாடம் செய்து கொடுத்த ஒரு பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தது. சம்பளம் வாரத்துக்கு மூன்றரை டாலர்.

அந்தக் காலத்தில் பாடம் செய்வது என்றால் என்ன தெரியுமா? மிருகத்தின் தோலை உரிப்பார்கள். அதைத் தொங்கவிட்டு வைக்கோலையும் கந்தலையும் உள்ளே அடைப்பார்கள். கொள்ளும் வரை அடைத்துத் தைத்துவிடுவார்கள். தலையணைக்குப் பஞ்சு அடைப்பது மாதிரிதான். சிங்கம் பூசணிக்காய் போல உப்பிக்கொண்டு நிற்கும். ஏக்லிக்கு இது அறவே பிடிக்கவில்லை.

1885-ம் ஆண்டில் ஒரு பெரிய வேலை வந்தது. பார்னம் சர்க்கசின் புகழ்பெற்ற யானை ஜம்போ, கனடா நாட்டில் ரெயில் மோதிச் செத்துவிட்டது. அதைப் பாடம் செய்யும் வேலையில் ஏக்லிக்கு முக்கிய பங்கு. தோல் மட்டும் சுமார் 700 கிலோ! மரச்சட்டங்களால் உடம்பு செய்து தோலைப் போர்த்தினார்கள். மாதக்கணக்கில் ஆயிற்று. எலும்புக்கூட்டைத் தனியாகப் பூட்டி நிறுத்தினார்கள். செத்த பிறகும் ஜம்போ சர்க்கசோடு ஊர் ஊராகப் போயிற்று.

சிற்பியின் வேலை

பிறகு மில்வாக்கி நகரப் பொருட்காட்சி சாலைக்குப் போனார் ஏக்லி. 1890-ம் ஆண்டில் அவர் அங்கே செய்த காட்சி சின்னதுதான். தண்ணீரில் வாழும் ஒருவகை எலிகள். ஆனால் எலிகளை மட்டும் அவர் வைக்கவில்லை. அவை வாழும் குளம், நாணல், மண் வீடு, பின்னால் ஓவியமாகத் தீட்டிய ஆகாயம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தார். நூறு ஆண்டு கழிந்த பிறகும் அந்தக் காட்சியை ஜனங்கள் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

அடுத்தது சிகாகோ நகரம். அங்கேதான் அவருடைய முறை முழு உருவம் பெற்றது. செத்த மிருகத்தை முதலில் அங்குலம் அங்குலமாக அளப்பார். போட்டோ எடுப்பார். எலும்புகளை நிறுத்தி, அதன் மேல் களிமண்ணால் தசைகளை ஒவ்வொன்றாக வைத்து, அசல் சிலையே செய்வார். அந்தச் சிலைக்கு மாவுக்கல் அச்சு எடுப்பார். அச்சுக்குள் காகிதக் கூழும் கம்பி வலையும் வைத்து, லேசான கூடு ஒன்றை வார்ப்பார். கடைசியாகத்தான் தோல். தோலுக்குக் கீழே நரம்பு புடைத்திருப்பது கூடத் தெரியும்!

மான் கூட்டம் ஒன்றை நான்கு பருவத்திலும் காட்ட வேண்டும் என்று நான்கு வருஷம் பாடுபட்டார். மரங்களுக்கு இலை வேண்டுமே? அசல் இலைகளில் அச்சு எடுத்து, மெழுகில் சுமார் 17 ஆயிரம் இலைகள் செய்தார்கள். இந்த வேலையில் மனைவி டெலியாவின் உழைப்பு பெரிது. அந்த அம்மாள் துப்பாக்கியும் சுடுவார். சிகாகோவில் ஏக்லி நிறுத்திய, சண்டையிடும் இரண்டு யானைகளில் ஒன்று டெலியா சுட்டது. ஆனால் புகழ் முழுவதும் கணவர் கணக்கில் போய்விட்டது. இது நியாயம் என்று சொல்ல முடியாது.

ஏக்லிக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பொருட்காட்சி சாலையின் சுவர் உதிர்கிறது என்றார்கள். காற்றின் வேகத்தால் சிமெண்டைப் பீய்ச்சி அடிக்கும் கருவியைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். சுரங்கப்பாதைகளுக்குச் சிமெண்டு பூசும் முறை அதிலிருந்து வளர்ந்ததுதான். சினிமா காமிரா ஒன்றும் செய்தார். ஓடும் மிருகத்தைத் தொடர்ந்து படம் பிடிக்க வசதியான அந்தக் காமிரா, முதல் உலகப் போரிலும் பயன்பட்டது.

யானை தந்தங்களுக்கு நடுவே

1909-ம் ஆண்டில் நியூயார்க் இயற்கை வரலாற்றுப் பொருட்காட்சி சாலைக்காக ஏக்லி மீண்டும் ஆப்பிரிக்கா போனார். யானைக் கூட்டம் ஒன்று வேண்டும். முன்னாள் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டும் அப்போது ஆப்பிரிக்காவில் இருந்தார். அவரும் இதற்காக யானை சுட்டுக் கொடுத்தார்.

அடுத்த வருஷம் கென்யா மலையில் விபத்து நடந்தது. குளிரில் விறைத்த கையை ஏக்லி தேய்த்துக்கொண்டு இருந்தபோது, பின்னால் ஓர் யானை வந்து நின்றது. சுடப் பார்த்தார். துப்பாக்கி மக்கர் செய்தது. தந்தம் நெஞ்சுக்கு நேராக வந்தது. இரண்டு தந்தங்களையும் இரண்டு கையால் பிடித்து, நடுவே தொங்கியபடி தரையில் விழுந்தார். யானை குத்தியது. மண்ணுக்குள் ஏதோ கடினமாகத் தட்டவே, தந்தம் மேலே இறங்கவில்லை. அதனால் உயிர் தப்பினார். ஆனாலும் மூக்கு உடைந்தது. கன்னம் கிழிந்தது. விலா எலும்புகள் நொறுங்கின.

கூட வந்த ஆட்கள் அவர் செத்துவிட்டதாகவே நினைத்தார்கள். கீழே இருந்த கூடாரத்துக்குச் செய்தி போயிற்று. டெலியா அழுதுகொண்டு உட்காரவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகக் காட்டுக்குள் புறப்பட்டுப் போய், கணவரைக் காப்பாற்றினார்.

படுக்கையில் கிடந்த மாதங்களில் ஏக்லியின் மனதில் ஒரு மண்டபம் எழுந்தது. நடுவில் யானைக் கூட்டம். சுற்றிலும் கண்ணாடிக்குப் பின்னால் ஆப்பிரிக்காவின் காடு, மலை, புல்வெளி. இந்த மிருகங்கள் வேகமாக அழிந்துவருகின்றன, அழிவதற்கு முன்னால் இவற்றை அப்படியே காட்டி வைத்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

ஆனால் காட்டுவதற்காகவும் கொல்லத்தானே வேண்டும்? அந்த முள் அவரை 1921-ம் ஆண்டில் குத்தியது.

கொரில்லாவின் முகம்

பெல்ஜியம் நாட்டின் ஆட்சியில் இருந்த காங்கோவில், விருங்கா எரிமலைச் சரிவுகளில் மலைக் கொரில்லாக்கள் வாழ்ந்தன. கொரில்லா என்றால் கொடிய அரக்கன் என்று உலகம் நம்பிய காலம் அது. அதைப் பொய் என்று காட்டுவதற்காகவே, ஒரு நண்பரின் மனைவியையும் ஆறு வயது மகளையும் கூட அழைத்துப் போனார் ஏக்லி.

கொரில்லாக்களைச் சுட்டார்கள். சாய்ந்து கிடந்த கொரில்லாவின் முகத்தை ஏக்லி பார்த்தார். மனித முகம் போலவே இருந்தது. தான் ஒரு கொலைகாரன் என்ற நினைப்பு அவரை வாட்டியது. ஐந்து கொரில்லாக்களோடு நிறுத்திக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் அவர் எடுத்த வேலை வேறு. கொரில்லாக்களுக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று பெல்ஜியம் மன்னர் ஆல்பர்ட்டிடமும் அரசாங்கத்திடமும் மன்றாடினார். 1925-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி ஆல்பர்ட் தேசியப் பூங்கா பிறந்தது. ஆப்பிரிக்காவின் முதல் தேசியப் பூங்கா அது. அங்கே இனி கொரில்லாவைச் சுட முடியாது.

இதற்குள் குடும்பத்தில் பிளவு. டெலியாவும் அவரும் 1923-ம் ஆண்டில் பிரிந்தார்கள். மறு ஆண்டு மேரி ஜோப் என்ற மலையேறும் பெண்மணியை அவர் மணந்தார்.

1926-ம் ஆண்டில் கடைசிப் பயணம். உடம்பு நலிந்திருந்தது. இந்தத் தடவை கொரில்லாவைத் தேடி அல்ல. கண்ணாடிக்குப் பின்னால் வைக்க அந்த மலையின் செடி கொடிகளும், பின்னணி ஓவியமும் வேண்டும். காய்ச்சலோடு மிக்கேனோ மலைச் சரிவில் ஏறினார் ஏக்லி. சில நாட்களில், நவம்பர் 17-ந் தேதி, அங்கேயே காலமானார். வயது 62. அந்தச் சரிவிலேயே அடக்கம் செய்தார்கள்.

மேரி உடனே திரும்பவில்லை. மலையில் தங்கி, செடிகளையும் இலைகளையும் சேகரித்து வேலையை முடித்தார். ஓவியர் லீ குளிரில் உட்கார்ந்து மலையைத் தீட்டினார்.

1936-ம் ஆண்டு மே 19-ந் தேதி, ஏக்லியின் பிறந்த நாளில், நியூயார்க்கில் அவர் பெயரால் ஆப்பிரிக்க மண்டபம் திறக்கப்பட்டது. நடுவில் எட்டு யானைகள். சுற்றிலும் 28 கண்ணாடிக் காட்சிகள். யானைகள் எட்டும் மிரண்டு கிளம்புவது போல நிற்கின்றன. முதல் தடவை பார்க்கும் குழந்தைகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்ளாமல் இருப்பது அதிசயம்.

விருங்காவில் மலைக் கொரில்லாக்கள் இன்னும் இருக்கின்றன. 2018-ம் ஆண்டில், உலகத்தில் உள்ள மலைக் கொரில்லாக்களின் கணக்கு ஆயிரத்தைத் தாண்டியது.

மண்டபத்தில் ஒரு கண்ணாடிக்குப் பின்னால் பெரிய ஆண் கொரில்லா நெஞ்சில் கை வைத்து நிற்கிறது. 1921-ம் ஆண்டில் கொண்டுவந்த ஐந்தில் ஒன்று அது. அதற்குப் பின்னால் ஓவியத்தில் தெரிவது, ஏக்லியைப் புதைத்த மலை நாடு.