ஷெரீஃபைக் கூண்டில் ஏற்றிய பத்திரிகையாளர்... யார் இந்த ஐடா பி. வெல்ஸ்?

கும்பல் கொலையை அமெரிக்கா முழுமைக்குமான குற்றமாக அறிவிக்கும் சட்டம் எப்போ வந்தது தெரியுமா? 2022 மார்ச் 29. நூறு வருஷத்துக்கும் மேலாக நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்ப முயன்று தோற்ற சட்டம் அது. அதிபர் ஜோ பைடன் கையெழுத்திட்ட அந்த விழாவில் ஒரு பத்திரிகையாளரின் கொள்ளுப் பேத்தியும் பேசினார். அந்தப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ். இதே கோரிக்கையோடு 1898-லேயே வெள்ளை மாளிகைக்குப் போய், அப்போதைய அதிபர் மெக்கின்லியைச் சந்தித்தவர். இடையில் ஓடியது 124 வருஷம்.

கறுப்பினத்தவர் என்றாலே குற்றவாளிகள் என்ற எண்ணம் அமெரிக்காவில் எப்படி உருவானது, அதில் போலீஸுக்கும் பத்திரிகைகளுக்கும் என்ன பங்கு என்ற விவாதம் எப்போ எழுந்தாலும் இவர் பெயர் வந்துவிடும். காரணம், அந்த எண்ணத்தைக் கணக்குப் போட்டு உடைத்தவர் இவர்.

கண்டக்டரின் கையைக் கடித்த ஆசிரியை

1862 ஜூலை 16, மிசிசிபி மாநிலம் ஹோலி ஸ்பிரிங்ஸ். அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தவர் ஐடா. அப்பா தச்சர், அம்மா சமையல்காரர். 1878-ல் பரவிய மஞ்சள் காய்ச்சல் அப்பா, அம்மா, கைக்குழந்தையாக இருந்த தம்பி மூவரையும் கொண்டுபோய்விட்டது. ஐடாவுக்கு அப்போ 16 வயசு. மற்ற பிள்ளைகளை ஆளுக்கொரு வீட்டில் பிரித்துவிடலாம் என்று பெரியவர்கள் பேச, அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வயதைக் கூட்டிச் சொல்லி டீச்சர் வேலைக்குச் சேர்ந்து, குடும்பத்தைக் காப்பாற்றினார்.

பிறகு மெம்ஃபிஸ் நகருக்குப் போனார். அங்கே ஒரு ரயில் பயணத்தில், பெண்களுக்கான பெட்டியில் டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருந்தவரை கண்டக்டர் எழுந்து போகச் சொன்னார். கையைப் பிடித்து இழுத்ததும் ஐடா கடித்துவிட்டார்! ஆட்களைக் கூட்டிவந்துதான் அவரை இறக்க முடிந்தது. ரயில்வே கம்பெனி மேல் வழக்குப் போட்டு, 1884-ல் 500 டாலர் இழப்பீடும் வாங்கினார். ஆனா 1887-ல் டென்னசி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, வழக்குச் செலவையும் அவர் தலையிலேயே கட்டியது.

கோலிக்குண்டு சண்டையில் தொடங்கிய கொலை

1892-ல் மெம்ஃபிஸில் ஃப்ரீ ஸ்பீச் என்ற பத்திரிகையின் பங்குதாரராகவும் ஆசிரியராகவும் இருந்தார் ஐடா. அவருடைய நெருங்கிய நண்பர் தாமஸ் மோஸ், தபால்காரர். சில கறுப்பினத்தவரோடு சேர்ந்து பீப்பிள்ஸ் க்ரோசரி என்ற மளிகைக் கடை நடத்தினார். அதுவரை அந்தப் பகுதி வியாபாரம் முழுக்க எதிரே இருந்த வெள்ளைக்காரரின் கடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. போட்டி வந்ததும் பகையும் வந்தது.

கடைக்குப் பக்கத்தில் பசங்க கோலிக்குண்டு விளையாடியபோது வந்த சண்டை, பெரியவர்கள் சண்டையானது. வெள்ளையர் கும்பல் ஒன்று கடையைத் தாக்க வருகிறது என்று தகவல். காவலுக்கு ஆட்கள் துப்பாக்கியோடு நின்றார்கள். ராத்திரியில் ஆயுதங்களோடு ஆட்களும் வந்தார்கள். ஆனா அவர்கள் சாதாரண உடையில் வந்த ஷெரீஃபின் ஆட்கள். இருட்டில் சுட்டதில் மூன்று பேருக்குக் காயம். மறுநாள் பத்திரிகைகளில் அந்த மளிகைக் கடை ரவுடிகளின் கூடாரமாகிவிட்டது. போலீஸ் அந்தப் பகுதியில் வீடு வீடாகப் புகுந்து ஆட்களை அள்ளியது.

மார்ச் 9 அதிகாலை, மோஸையும் அவருடைய கூட்டாளிகள் இருவரையும் ஒரு கும்பல் சிறையிலிருந்து வெளியே இழுத்துப்போய்ச் சுட்டுக் கொன்றது. யார் மேலும் வழக்கு இல்லை.

இங்கேதான் ஐடாவின் வாழ்க்கை திரும்புகிறது. கறுப்பின ஆண்கள் வெள்ளைப் பெண்களைப் பலாத்காரம் செய்வதால்தான் கும்பல் கொலைகள் நடக்கின்றன என்பது அன்று நாடு முழுக்கச் சொல்லப்பட்ட காரணம். அதுவரை ஐடாவும் அதை ஓரளவு நம்பியிருந்தார். முறை தப்பு, ஆனா கோபத்துக்கு ஏதோ காரணம் இருக்கத்தான் செய்யும் என்று நினைத்ததாக அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். பாதிக்கப்பட்ட சமூகத்தின் பத்திரிகையாளரே நம்பும் அளவுக்கு அந்தப் பொய் பரவியிருந்தது. மோஸ் யாரையும் தொடவில்லை. அவர் செய்த ஒரே காரியம் கடை வைத்தது. அப்போ மற்றவர்கள்?

ஐடா ஒவ்வொரு சம்பவமாகத் தேட ஆரம்பித்தார். சில ஊர்களுக்கு நேரில் போனார். முந்தைய 8 வருஷத்தில் கும்பல்கள் கொன்ற 728 கறுப்பினத்தவரில் மூன்றில் ஒரு பங்கினர் மேல்தான் பலாத்காரக் குற்றச்சாட்டே இருந்தது. அதுவும் வெறும் குற்றச்சாட்டு, நிரூபிக்கப்பட்டது அல்ல. சில சம்பவங்களில் இருந்தது பலாத்காரமே இல்லை, இருவரும் விரும்பிய காதல் என்றும் தெரிந்தது. 1892 மே மாதம் இதைத் தலையங்கத்தில் எழுதினார். அவர் வெளியூர் போயிருந்த நேரத்தில் பத்திரிகை அலுவலகம் அடித்து நொறுக்கப்பட்டது. திரும்பி வந்தால் உயிரோடு இருக்க முடியாது என்று மிரட்டல். அதோடு மெம்ஃபிஸ் வாழ்க்கை முடிந்தது.

நியூயார்க், பிரிட்டன், கடைசியில் சிகாகோ என்று வேலை தொடர்ந்தது. 1895-ல் வழக்கறிஞர் ஃபெர்டினாண்ட் பார்னெட்டைத் திருமணம் செய்தார். அதே வருஷம் ரெட் ரெக்கார்ட் என்ற புத்தகம் வந்தது. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட புள்ளிவிவரம் வெள்ளையர் நடத்திய சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகையினுடையது. கூட்டிச் சொல்கிறார் என்று யாரும் வாய் திறக்க முடியாதில்லையா? 1892-ல் மட்டும் 241 பேர், அதில் 160 பேர் கறுப்பினத்தவர். கொல்லப்பட்டதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் வெள்ளையரை அவமதித்தது என்பதும் ஒன்று.

வாசல்படியில் உட்கார்ந்தது குற்றமா?

1900 ஜூலை, நியூ ஆர்லியன்ஸ். ராபர்ட் சார்ல்ஸ் என்பவர் ராத்திரி நேரத்தில் நண்பரோடு ஒரு வீட்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். போலீஸ்காரர்கள் வந்து விசாரிக்க, அவர் எழுந்து நிற்க, கைகலப்பாகி இரண்டு பக்கமும் துப்பாக்கிச் சூடு. தேடுதல் வேட்டையில் சார்ல்ஸ் போலீஸ்காரர்கள் உட்படப் பலரைச் சுட்டார், கடைசியில் அவரும் கொல்லப்பட்டார். அந்த நாட்களில் வெள்ளையர் கும்பல்கள் சம்பந்தமே இல்லாத கறுப்பினத்தவரைத் தெருவில் அடித்துக் கொன்றன.

ஐடா எழுதியதிலேயே சங்கடமான விஷயம் இதுதான். சார்ல்ஸ் ஆட்களைக் கொன்றது உண்மை, அதை அவர் மறைக்கவில்லை. ஆனா உள்ளூர் பத்திரிகைகளின் செய்திகளையே எடுத்துவைத்து, எல்லோரும் தாண்டிப்போன இடத்தில் நின்றார். முதல் நிமிடத்தில் வாரன்ட் இருந்ததா? புகார் இருந்ததா? இல்லை. பிறவிக் கொலைகாரன் என்று பத்திரிகைகள் எழுதிய ஆளின் பழைய வாழ்க்கையையும் விசாரித்தார். கறுப்பினத்தவர் ஆப்பிரிக்காவில் குடியேற வேண்டும் என்று துண்டுப் பிரசுரம் விநியோகித்த, வம்புதும்புக்குப் போகாத மனிதர் என்றே தெரிந்தவர்கள் சொன்னார்கள்.

பதவி போன ஷெரீஃப்

1909 நவம்பர், இல்லினாய் மாநிலம் கெய்ரோ. வெள்ளைப் பெண்ணைக் கொன்றதாகக் கைதான வில்லியம் ஜேம்ஸ் என்ற கறுப்பினத்தவரை, ஷெரீஃப் பாதுகாப்பில் இருந்தபோதே கும்பல் பறித்துப்போய் ஆயிரக்கணக்கானோர் முன்னால் கொன்றது. ஷெரீஃப் என்பவர் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் போலீஸ் தலைவர். கைதிகள் அவர் பொறுப்பு. கைதி இப்படிக் கொல்லப்பட்டால் ஷெரீஃப் பதவி இழப்பார் என்று இல்லினாயில் 1905-ல் சட்டம் வந்திருந்தது. ஆளுநர் டெனீன் அவரை நீக்கினார். அவரோ பதவியைத் திரும்பக் கேட்டு மனு போட்டார்.

ஐடாவுக்கு முதலில் போக மனசில்லை. வேறு யாரும் போக மாட்டார்கள் என்று மூத்த மகன் சொன்ன பிறகுதான் ரயிலேறினார். கெய்ரோவில் இன்னொரு அதிர்ச்சி. அங்கிருந்த கறுப்பினத்தவரிலேயே பலர் ஷெரீஃபுக்கு ஆதரவாகக் கடிதம் கொடுத்திருந்தார்கள். கறுப்பினத்தவர் சிலருக்கு அவர் வேலை கொடுத்திருந்தார், நல்ல மனுஷன் என்றார்கள். அவர் நல்லவரா என்பதல்ல பிரச்சினை, கைதியைக் காப்பாற்ற என்ன செய்தார் என்பதுதான் பிரச்சினை என்று ஐடா கூட்டம் போட்டுப் பேசினார். கூடுதல் ஆட்களைத் திரட்டாமல் ஒரே ஒரு உதவியாளரோடு கைதியைக் கூட்டிக்கொண்டு போனதைக் கண்டுபிடித்தார். விசாரணையில் ஷெரீஃப் பக்கம் வழக்கறிஞர்கள் வரிசையாக நிற்க, வக்கீல் பட்டம் இல்லாத ஐடா எழுந்து வாதாடினார். ஆளுநர் பதவியைத் திருப்பித் தரவில்லை.

1913-ல் அவரே சிகாகோ நகர நீதிமன்றத்தில் நன்னடத்தை அதிகாரியானார். தண்டனைக்குப் பதில் கண்காணிப்பில் விடப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மாதச் சம்பளம் 150 டாலர். தெற்கிலிருந்து பிழைக்க வந்த இளைஞர்களுக்காக அவர் நடத்திய மையத்துக்கு அது உதவியது. 1917-ல் ஹூஸ்டன் கலவர வழக்கில் தூக்கிலிடப்பட்ட 13 கறுப்பினப் படைவீரர்களின் நினைவாக அவர் பட்டன் பேட்ஜ் விநியோகித்தபோது, கைது செய்வோம் என்று அரசின் ஆட்கள் வந்து மிரட்டினார்கள். நிறுத்தவில்லை.

கடைசிப் பெரிய பயணம் ஆர்கன்ஸாஸ். 1919-ல் பருத்திக்கு நியாய விலை கேட்டுச் சங்கம் வைத்த குத்தகை விவசாயிகளை, வெள்ளையரைக் கொல்லச் சதி செய்தவர்கள் என்று சொல்லி வேட்டையாடினார்கள். 12 பேருக்கு மரண தண்டனை. ஐடா ஒரு கைதியின் உறவுக்காரப் பெண் போலச் சிறைக்குள் போய், கம்பிக்கு வெளியே உட்கார்ந்து அவர்கள் கதையைக் கேட்டு எழுதினார். யாருக்கு எத்தனை ஏக்கர், எவ்வளவு பருத்தி பறிபோனது என்ற கணக்கு உட்பட. 1923-ல் உச்ச நீதிமன்றம், கும்பலின் மிரட்டலுக்கு நடுவே நடப்பது நியாயமான விசாரணையே இல்லை என்றது. 1925-க்குள் 12 பேரும் வெளியே வந்தார்கள்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் பின்னாளில் சிகாகோவில் ஐடாவின் வீட்டைத் தேடி வந்தார். சாவைப் பற்றியே பாடிக்கொண்டிருக்காதீர்கள், விடுதலைக்காக ஜெபியுங்கள் என்று சிறையில் அவர் சொன்னதை வீட்டிலிருந்தவர்களிடம் சொல்லி நன்றி தெரிவித்தார். 1931 மார்ச் 25-ல் ஐடா இறந்தார். எழுதிக்கொண்டிருந்த சுயசரிதை ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே நிற்கிறது. மகள் அல்ஃப்ரெடா அதைத் தொகுத்துப் புத்தகமாகக் கொண்டுவர 1970 ஆகிவிட்டது.