தூதுரைத்த டக்விற்ஸ்

1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் புதுடில்லியில் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் ஓர் ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசிக்கொள்வது என்று அதில் வகுக்கப்பட்டது. களனி கங்கை மலையிறங்கும் பொல்பிட்டியவிலிருந்து அட்டன், நுவரெலியா வரை, தலைமன்னாருக்குப் புறப்பட்ட உறவினர் ஒருவரையேனும் நினைவிற் கொள்ளாத லயம் இம்மலைகளில் அரிது.

அவ்வாண்டிலே புதுடில்லியில் மேற்கு ஜேர்மனியின் ஸ்தானிகராக வீற்றிருந்தவர் கியோர்க் பேர்டினாண்ட் டக்விற்ஸ். மேற்சொன்ன ஒப்பந்தத்தில் அவருக்குப் பங்கேதும் இல்லை. ஆயினும் ஒரு மக்கட் கூட்டத்தை எண்ணிக் கணக்கிட்டுக் கப்பலேற்ற அரசொன்று முனையும்போது, அவ்வரசின் ஊழியன் ஒருவன் செய்யக்கூடுவது யாது என்பதை அந்நகரில் இருந்த தூதுவருள் அவரைப் போல அனுபவத்தால் அறிந்தவர் வேறொருவர் இருந்திருப்பாரோ என்பது ஐயமே. அவர் கண்ட கப்பலும் நம்மவர் ஏறிய கப்பலும் ஒன்றெனக் கூற யாம் துணியோம். அது கொலைக்களத்துக்கு ஏகவிருந்த கப்பல். ஆயினும் அவர் வரலாறு இம்மலைநாட்டார் அறியத்தக்கது.

1904 ஆம் ஆண்டு செப்டெம்பர் 29 ஆம் நாள் வட ஜேர்மனியின் துறைமுக நகராகிய பிறேமனில் டக்விற்ஸ் பிறந்தார். அவரை முதன்முதல் டென்மார்க்குக்கு அழைத்துச் சென்றது அரசியலன்று, கோப்பி. பிறேமனைச் சேர்ந்த காப்பே ஹாக் என்னும் கோப்பி நிறுவனத்தின் அலுவலராக அவர் 1928 ஆம் ஆண்டளவிற் கோப்பன்ஹேகன் சென்றார். (நம் மலைகளும் ஒருகாலத்திற் கோப்பி மலைகளே. 1869 இல் இலைநோய் தோன்றிப் பரவியிராவிடிற் பிறேமன் வணிகர் நம் கொட்டையையும் வறுத்திருக்கக்கூடும்.) அங்கே அவர் டேனிய மொழியைக் கற்றார், நண்பர் பலரைத் தேடிக்கொண்டார். பிற்காலத்தில் அவருக்குக் கைகொடுத்தவை இவ்விரண்டுமே.

இனி மறைக்கலாகாத ஒன்றையும் சொல்ல வேண்டும். 1932 இல் டக்விற்ஸ் நாஸிக் கட்சியிற் சேர்ந்தார்; அடுத்த ஆண்டு அக்கட்சியின் வெளிநாட்டு விவகாரப் பணிமனையில் ஊழியமும் ஏற்றார். அறியாச் சிறுவராய் அன்று, இருபத்தெட்டு வயதினராய் அவர் இதனைச் செய்தார். இரண்டாண்டுகளில் மனங் கசந்து, 1935 இல் அப்பணியை உதறிக் கப்பற் கம்பெனி ஒன்றிற் புகுந்தார். சான்றோர் சரிதம் எழுதுவோர் சிலர் இத்தகைய பக்கங்களைக் கிழித்துவிடுகின்றனர். கிழிப்பது தவறு என்பதே எம் கருத்து. நெருப்பை விலகி நின்று கண்டவனினும், அதனுள்ளே கைவைத்துச் சுட்டுக்கொண்டவன் அதன் இயல்பை நன்கறிவான்.

கப்பற்றுறை அனுபவம் காரணமாக, 1939 இல் கோப்பன்ஹேகனிலிருந்த ஜேர்மன் தூதரகத்திற் கப்பற் போக்குவரத்து அலுவலராக அவர் அமர்த்தப்பட்டார். 1940 ஏப்பிரில் 9 ஆம் நாள் ஹிட்லரின் படை டென்மார்க்கைக் கைப்பற்றியது. டேனிய அரசு மூன்றாண்டுகளுக்கு மேல் பெயரளவிலேனும் நிலைத்திருந்தமையால், அங்கு வாழ்ந்த யூதர் பிற நாடுகளிற்போலத் துன்புறுத்தப்படவில்லை. 1943 ஓகஸ்டில் வேலைநிறுத்தங்களும் நாசவேலைகளும் பெருகின. மாத இறுதியில் டேனிய அமைச்சரவை பதவி துறந்தது. இராணுவச் சட்டம் பிறந்தது. அதனோடு அந்நாட்டு யூதரின் காவலும் நீங்கிற்று.

செப்டெம்பர் 8 ஆம் நாள் ஹிட்லரின் பிரதிநிதியாகிய வேர்ணர் பெஸ்ற், யூதர் பிரச்சினையைத் தீர்க்கும் வேளை வந்துவிட்டதெனப் பேர்லினுக்குத் தந்தியனுப்பினார். மூன்று நாட்களின் பின் அதனை டக்விற்ஸிடமும் தெரிவித்தார். ஏன் தெரிவித்தார் என்பது பற்றி வரலாற்றாசிரியர் இன்றும் வாதிடுகின்றனர். டக்விற்ஸ் 13 ஆம் நாள் பேர்லினுக்கு விமானமேறினார், தந்தியைத் தடுக்க முயன்றார், காலங் கடந்துவிட்டது. பின்னர் அலுவல் ஒன்றைச் சாக்காகக் கொண்டு சுவீடன் சென்று, அந்நாட்டுப் பிரதமர் பெர் அல்பின் ஹான்சனைக் கண்டு, வரவிருக்கும் அகதிகளுக்குக் கதவு திறக்குமாறு வேண்டினார். ஓர் அரசின் சம்பளம் பெறும் அலுவலர், அவ்வரசின் இரகசியத்தை அயல்நாட்டுப் பிரதமரிடம் உரைத்தார். அறியவந்தால் தண்டனை மரணமே.

அக்டோபர் முதலாம் நாள் இரவு யூதரைப் பிடிப்பதென நாள் குறிக்கப்பட்டது. யூதரின் புத்தாண்டுப் பண்டிகைக் காலமாதலின் அனைவரும் இல்லங்களில் இருப்பர் என்பது கணக்கு. செப்டெம்பர் 28 ஆம் நாள் டக்விற்ஸ் தொழிலாளர் மண்டபமொன்றிற்குச் சென்றார். அங்கே சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர்கள் கூடியிருந்தனர். ஹான்ஸ் ஹெட்டொஃப்ற் என்னும் நண்பரை அழைத்து, நாளையும் கப்பலையும் கூறினார். வெளுத்த முகத்தோடு ஹெட்டொஃப்ற் யூத சமூகத் தலைவரிடம் ஓடியபோது அவர் நம்ப மறுத்தார். அத்தகைய தீமை நேராதென அவருக்கு வாக்களிக்கப்பட்டிருந்தது. ஆட்சியாளரின் வாக்குறுதியை இறுதிவரை பற்றிக்கொள்வது நல்லோரிடம் காணப்படும் பேதைமை போலும்! மறுநாட் காலை தேவாலயத்திற் கூடியோரிடம் மார்க்கஸ் மெல்ஷியர் என்னும் யூதகுரு செய்தியை அறிவித்தார். வழிபாடு நின்றது, மக்கள் கலைந்தனர்.

அதன்பின் நிகழ்ந்தது டேனிய மக்களின் வரலாறு. வைத்தியசாலைகளில் நோயாளர் என்ற பெயரில் யூதர் மறைக்கப்பட்டனர். பாதிரிமாரும் ஆசிரியரும் மாணவரும் முன்பின் அறியாதோரைத் தம் வீடுகளில் ஒளித்தனர். மீன்பிடி வள்ளங்கள் இரவோடிரவாக ஒடுங்கிய கடற்காலைக் கடந்து சுவீடன் கரையை அடைந்தன. யாவரையும் ஏற்போமெனச் சுவீடன் அரசு அக்டோபர் 2 ஆம் நாள் அறிவித்தது. சுமார் 7,200 யூதரும், அவர்தம் யூதரல்லாத உறவினர் ஏறக்குறைய 700 பேரும் கரை சேர்ந்தனர். பிடிபட்டோர் ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவு. வள்ளக்காரர் சிலர் கூலியாகப் பெருந்தொகை பெற்றனர் என்பதும் உண்மை; அதனைச் சொல்வதால் மற்றையோரின் பெருமை குன்றாது.

வள்ளுவர் தூதுக்கெனத் தனி அதிகாரம் வகுத்தார். அங்கே தூதனின் அன்பும் அறிவும் துணிவும் அவனை அனுப்பிய வேந்தனுக்கே உரியன. வேந்தன் கொடியவனாயின் தூதன் செய்யத்தக்கது யாது என்னும் வினா அவ்வதிகாரத்தில் எழவில்லை. கம்பநாடன் வீடணனைக் கொண்டு அதனை எழுப்பினான். வீடணனோ அண்ணனை விட்டு நீங்கி மறுபக்கம் சேர்ந்தான். டக்விற்ஸ் நீங்கவில்லை. அதே பணிமனையில், அதே மேசையில், நாளும் தம் கடமையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். போர் முடியும்வரை அவ்வாறு இருப்பதற்கு வேண்டிய நெஞ்சுரம் வீடணனுக்கு வேண்டியிருந்ததினும் குறைந்ததன்று.

ஸ்தானிகர் என்னும் பதவி அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னரே வந்தது. 1955 இல் மேற்கு ஜேர்மனி அவரை அதே கோப்பன்ஹேகனுக்குத் தூதுவராக அனுப்பியது. செய்தி பெற்ற ஹெட்டொஃப்ற் இருமுறை டென்மார்க்கின் பிரதமராயிருந்து அவ்வாண்டு ஜனவரியில் காலமாகியிருந்தார். அவருக்குப் பின் பிரதமரான எச். சி. ஹான்சன், 1943 இல் அச்செய்தியை வீடு வீடாகச் சுமந்து சென்றோருள் ஒருவர்.

அவ்வாண்டு மார்ச்சு 29 ஆம் நாள் இரு நாடுகளும் எல்லையின் இருபுறத்துச் சிறுபான்மையினர் பற்றிப் பிரகடனங்கள் வெளியிட்டன. தாம் எவ்வினத்தைச் சேர்ந்தோர் எனக் கூறுவது அவரவர் உரிமை, அதனை அதிகாரி எவரும் சோதிக்கவோ மறுக்கவோ கூடாது என்பது அவற்றின் சாரம். இதனை வாசிக்கும் மலையகத்தான் ஒருகணம் நிற்பான். 1948 ஆம் ஆண்டின் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் அவனுடைய தந்தையும் பாட்டனும் பிறந்த இடத்துக்குச் சான்று கேட்டது. பிறப்புப் பத்திரம் எழுதப்படாத லயத்தில் பிறந்தவனோ சான்றுக்கு எங்கே போவான்! அம்முடிச்சு முற்றாக அவிழ 2003 வரை செல்ல வேண்டியதாயிற்று.

1961 முதல் 1965 வரை டக்விற்ஸ் இந்தியாவிற் பணியாற்றினார். சீனப் போரும் நேருவின் மறைவும் அக்காலத்தன. கிழக்கு ஜேர்மனியை எந்நாடும் அங்கீகரியாது காப்பதே அன்றைய மேற்கு ஜேர்மன் தூதுவர்க்கு இட்ட தலையாய பணி. 1964 இல் கிழக்கு ஜேர்மனியின் துணைத்தூதரகத்துக்குக் கொழும்பு இடமளித்தபோது, பொன் நகர அரசு இலங்கைக்கு அளித்துவந்த உதவியை நிறுத்தியது. அக்கொள்கையின் இறுக்கம் எத்தகையது என்பதை நம் நாடு அன்று அறிந்தது.

1965 இல் ஓய்வுபெற்ற முதியவரை, 1967 இல் வெளிநாட்டமைச்சராயிருந்த வில்லி பிராண்ட் மீண்டும் அழைத்து அமைச்சின் செயலாளராக்கினார். 1970 இல் வார்சாவில் போலந்தோடு தொடங்கிய பேச்சுவார்த்தையில் ஜேர்மன் தரப்பை முன்னின்று நடத்தியவர் டக்விற்ஸே. அவ்வாண்டு டிசெம்பர் 7 ஆம் நாள் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. போலந்தின் மேற்கெல்லையை மேற்கு ஜேர்மனி ஏற்றது. அடுத்த ஆண்டு ஜெருசலேமின் யாட் வஷேம் நிலையம், யூதரைக் காத்த பிற இனத்துச் சான்றோர் வரிசையில் அவர் பெயரைப் பொறித்தது. நாஸிக் கட்சியின் உறுப்பினர் ஒருவருக்கு அவ்வரிசையில் இடம் கிடைப்பது மிக அரிது.

1973 பெப்ரவரி 16 ஆம் நாள், அறுபத்தெட்டாம் வயதில், பிறந்த ஊராகிய பிறேமனிலேயே அவர் காலமானார்.