நாற்பது வருடப் பாலைவனம்: மூஸா நபியின் வாழ்வு புத்தளத்துக்குச் சொல்லும் பாடம்

ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் மாதம் பிறந்தால், வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றிய பேச்சும் புத்தளத்தில் பிறந்துவிடும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணித்தியாலங்கள். மொத்தமாக ஏறத்தாழ 75,000 பேர் ஊரிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தார்கள். மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் புறப்பட்டவர்கள் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். 2030 ஒக்டோபர் வந்தால் இதற்கு நாற்பது வருடங்கள் பூர்த்தியாகும்.

நாற்பது வருடம் என்றதும் முஸ்லிமின் மனதுக்கு வருவது, நபி மூஸா (அலை) அவர்களின் சமூகம் பாலைவனத்தில் அலைந்த காலம்தான். ஆனால் இந்த ஒப்பீட்டை மிகக் கவனமாகச் செய்ய வேண்டும். பனூ இஸ்ராயீல்களின் அலைச்சல் அல்லாஹ்வின் கட்டளைக்கு முதுகு காட்டியதால் வந்த தண்டனை. வடபுல மக்களின் அலைச்சல் அவர்கள்மீது இழைக்கப்பட்ட அநீதி. அதைப் பாவத்தின் கூலி என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அதேவேளை, ஒரு சமூகம் ஊரிழந்து அலையும்போது அதன் உள்ளத்துக்கு என்ன நேர்கிறது என்பதை அந்த நபியின் வாழ்வைப் போல் விரிவாகக் காட்டும் வரலாறு வேறில்லை. அல்குர்ஆன் மிக அதிகமாகப் பெயர் சொல்லும் நபியும் அவர்களே.

நான் புத்தளத்து மண்ணில் பிறந்தவன். வந்தவர்களை வரவேற்ற பக்கத்தைச் சேர்ந்தவன். ஆகவே எங்கள் பக்கத்துக்கான பாடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

அகதியாக வந்த நபி

ஆண் குழந்தைகள் கொல்லப்பட்ட காலத்தில் பிறந்தவர்கள் மூஸா (அலை). தாய் அவர்களைப் பேழையில் வைத்து ஆற்றில் விட்டார். எந்த அரசனுக்குப் பயந்து விட்டாரோ, அந்த பிர்அவ்னின் வீட்டிலேயே பிள்ளை வளர்ந்தது. வாலிபரானபோது, ஒரு சண்டையில் தலையிட்டு அவர்கள் கொடுத்த ஒரு குத்தில் ஓர் ஆள் இறந்துபோனான். கொல்லத் திட்டமிடுகிறார்கள் என்ற செய்தி கிடைத்ததும், அஞ்சியவர்களாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஊரை விட்டு வெளியேறினார்கள். மாளிகையில் வளர்ந்தவர் ஒரே நாளில் அகதியானார்.

மத்யனுக்கு வந்தபோது கையில் ஒன்றுமில்லை. கிணற்றடியில் இடையர்களின் கூட்டம். இரண்டு பெண்கள் தங்கள் ஆடுகளைத் தடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். மூஸா (அலை) அவர்கள் அந்த ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டிவிட்டுத்தான் நிழலுக்கு ஒதுங்கி, தனக்கு நன்மை எதுவானாலும் தேவையுடையவனாக இருக்கிறேன் என்று இறைவனிடம் கையேந்தினார்கள். கேட்பதற்கு முன்னர் கொடுத்த அகதி அவர்கள்.

அந்தப் பெண்களின் தந்தை நடந்துகொண்ட முறையை ஸூரத்துல் கஸஸ் விபரமாகச் சொல்கிறது. தண்ணீர் புகட்டியதற்குக் கூலி கொடுக்க ஆளனுப்பி அழைத்தார். கதையைக் கேட்டதும், அநியாயக்காரர்களிடமிருந்து தப்பிவிட்டீர், இனி அஞ்ச வேண்டாம் என்று ஆறுதல் சொன்னார். வேலைக்கு அமர்த்தியபோது எட்டு வருடம் என்று தவணையை முன்கூட்டியே பேசினார். பத்து வருடமாக்குவது உமது விருப்பம், உம்மைச் சிரமப்படுத்த மாட்டேன் என்றும் சொன்னார். மகளையும் மணமுடித்துக் கொடுத்தார்.

1990இல் புத்தளம் ஆறுதல் சொன்னது. பள்ளிவாசல்கள், பாடசாலைகள், வீட்டு முற்றங்கள் திறந்தன. வீடுகளில் சமைத்த சோறு முகாம்களுக்குப் போனது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நாட்கள் வருடங்களானபோது கிணற்றுத் தண்ணீரும் பாடசாலை இடமும் தொழில் வாய்ப்பும் பேச்சுக்கு வந்தன. கற்பிட்டியின் வெங்காயத் தோட்டங்களிலும் மிளகாய்த் தோட்டங்களிலும் நாட்கூலிக்கு இறங்கிய அந்தச் சகோதரிகளுக்கு, மத்யன் பெரியவரைப் போலக் கூலியை முன்கூட்டியே பேசி முழுமையாகக் கொடுத்தோமா? போக்கிடம் இல்லாதவர் என்பதற்காகக் குறைத்தோமா? இந்தக் கணக்கை ஒவ்வொருவரும் தன்னிடமே கேட்டுக்கொள்ளட்டும். ஆறுதல் ஒரு நாளில் முடிந்துவிடும். நீதிதான் வருடக்கணக்கில் தேவைப்படுகிறது.

கடலைக் கடந்த பின்னர்

தவணை முடிந்து குடும்பத்துடன் திரும்பும் வழியில்தான், துவா பள்ளத்தாக்கில் மூஸா (அலை) அவர்களுக்கு நபித்துவம் கிடைத்தது. எந்த ஊரிலிருந்து உயிருக்குப் பயந்து ஓடினார்களோ, அந்த ஊருக்கே போகும்படி கட்டளை வந்தது. உள்ளம் விரிய வேண்டும், நாவின் முடிச்சு அவிழ வேண்டும், சகோதரர் ஹாரூன் துணையாக வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டவை வழங்கப்பட்டன. பிர்அவ்னின் சபையில் சூனியக்காரர்கள் தோற்று ஸுஜூதில் வீழ்ந்ததும், பின்னர் கடல் பிளந்ததும், பிர்அவ்ன் மூழ்கியதும் நம் பிள்ளைகள்கூட அறிந்த வரலாறு.

அதற்குப் பின்னர் நடந்ததைத்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம். கடலைக் கடந்து வந்த சமூகம், சிலைகளை வணங்கும் ஒரு கூட்டத்தைக் கண்டதும் தங்களுக்கும் அப்படி ஒரு கடவுளை ஆக்கித் தரும்படி மூஸா நபியிடம் கேட்டது. உடல் எகிப்தை விட்டு வெளியே வந்துவிட்டது. உள்ளம் இன்னும் அங்கேயே இருந்தது. பிர்அவ்ன் மூழ்கியது ஒரே நாளில். அவன் பழக்கிய அடிமைக் குணம் போவதற்கு ஒரு தலைமுறை எடுத்தது.

மன்னு, ஸல்வா, வெங்காயம்

பாலைவனத்தில் அல்லாஹ் அவர்களைப் பட்டினி போடவில்லை. மேகம் நிழலிட்டது. மன்னும் ஸல்வாவும் இறங்கின. கோலால் பாறையில் அடித்தபோது பன்னிரண்டு ஊற்றுகள் பீறிட்டன. ஒவ்வொரு கோத்திரமும் தனது நீர்த்துறையை அறிந்துகொண்டது என்று அல்குர்ஆன் சொல்வது மிகவும் கவனிக்க வேண்டியது. ஒரே ஊற்றைக் கொடுத்துச் சண்டையிட வைக்காமல், பங்கு தெளிவாக இருந்தது. பல ஊர்களிலிருந்து வந்தவர்களும் உள்ளூரவர்களும் சேர்ந்து வாழும் எங்கள் மாவட்டத்தில், பள்ளிவாசல் நிருவாகங்களும் அரசியல்வாதிகளும் படிக்க வேண்டிய வசனம் அது.

அப்படியிருந்தும் ஒரே உணவைச் சகிக்க முடியாது என்று அவர்கள் முறையிட்டார்கள். கீரை, வெள்ளரி, பருப்பு, வெங்காயம் கேட்டார்கள். வெங்காயத்தில் குற்றமில்லை. அதைப் பயிரிட்டு உண்பது எங்கள் கரையின் வாழ்வாதாரம். குற்றம், விடுதலையைவிட எகிப்தின் சாப்பாட்டை மேலாக நினைத்ததில் இருந்தது. நிவாரணம் ஒரு நிஃமத். உலர் உணவுப் பொதிகள் பல குடும்பங்களை உயிரோடு வைத்திருந்தன. ஆனால் கிடைப்பதை எண்ணிப் பார்ப்பதிலேயே காலம் போனால், போக வேண்டிய இடம் மறந்துவிடும். இது வந்தவர்களுக்கு மட்டுமான பாடமன்று. தேர்தலுக்குத் தேர்தல் எதையாவது எதிர்பார்த்து நிற்கும் எங்களுக்கும் உரியது.

தலைவர் இல்லாத நாற்பது இரவுகள்

மூஸா (அலை) அவர்கள் தூர் மலைக்குப் போனார்கள். முப்பது இரவுகள் என்றிருந்தது நாற்பதாக நிறைவு செய்யப்பட்டது. அந்த இடைவெளி ஸாமிரிக்குப் போதுமானதாக இருந்தது. மக்களுடைய நகைகளே காளைக்கன்றானது. சத்தம் மட்டும் போட்டது. அவர்களோடு பேசவோ வழிகாட்டவோ அதற்கு முடியவில்லை. மக்களின் சொத்தை வாங்கி, மினுங்கும் ஒன்றைச் செய்து, அதை மக்களிடமே காட்டிக் கும்பிட வைப்பது எக்காலத்துக்கும் உரிய தந்திரம்.

ஹாரூன் (அலை) அவர்கள் தடுத்தார்கள். சமூகம் பிளவுபட்டுவிடக் கூடாது என்று அஞ்சி எல்லை மீறாமல் நின்றார்கள். கோபத்தோடு திரும்பிய மூஸா (அலை) அவர்கள் சகோதரரின் தலையையும் தாடியையும் பிடித்து இழுத்தார்கள். விளக்கத்தைக் கேட்டதும் இருவருக்காகவும் பாவமன்னிப்புக் கேட்டார்கள். தலைவர்கள் ஒருவரை ஒருவர் கண்டிக்கலாம். ஆனால் அந்தக் கண்டிப்பு துஆவில் முடிய வேண்டும். பகையில் முடியக் கூடாது.

வாசலில் உட்கார்ந்த சமூகம்

கடைசியில் புனித பூமியின் வாசலுக்கே வந்தார்கள். உள்ளே நுழையுங்கள் என்று மூஸா (அலை) அவர்கள் சொன்னார்கள். அங்கே பலசாலிகள் இருக்கிறார்கள் என்று சமூகம் மறுத்தது. அல்லாஹ்வை அஞ்சிய இருவர், வாசலால் நுழைந்துவிட்டால் வெற்றி உங்களுக்கே என்று தைரியமூட்டினார்கள். அதுவும் பயனளிக்கவில்லை. நீரும் உமது இறைவனும் போய்ப் போரிடுங்கள், நாங்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்றார்கள். ஸூரத்துல் மாஇதா கூறுவதன்படி, அந்தப் பூமி நாற்பது வருடங்கள் அவர்களுக்குத் தடுக்கப்பட்டது அப்போதுதான்.

அந்த நாற்பது வருடங்களும் மூஸா (அலை) அவர்கள் தன் மக்களை விட்டுப் போகவில்லை என்பதே எனக்கு இந்த வரலாற்றின் உச்சம். தண்டனை அவர்களுக்குரியதல்ல. ஆனாலும் அதே மணலில் அதே மக்களோடு இருந்தார்கள். மறுத்த தலைமுறைக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்கள் எகிப்தைக் கண்டதில்லை. அடிமைத்தனத்தை அறிந்ததில்லை. அவர்களே பின்னர் யூஷஃ இப்னு நூன் (அலை) அவர்களின் தலைமையில் உள்ளே நுழைந்தார்கள்.

மூஸா (அலை) அவர்கள் நுழையவில்லை. மரண வேளையில், புனித பூமிக்குக் கல்லெறியும் தூரத்துக்காவது தன்னை நெருக்கிவைக்கும்படி அவர்கள் அல்லாஹ்விடம் கேட்டதாக ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. சிவந்த மணற்குன்றருகே, பாதையோரத்தில் அவர்களின் கப்று இருப்பதாக எங்கள் நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள்.

ஊருக்குப் போகும் ஆசையோடு காத்திருந்து, புத்தளத்து மையவாடிகளில் அடக்கப்பட்ட வடபுலத்துப் பெரியவர்களை நினைக்கும்போது இந்த ஹதீஸ்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. ஊரை அடையாமல் மௌத்தாவது தோல்வியல்ல. ஒரு நபியே அப்படித்தான் மௌத்தானார்கள். பிள்ளைகளைத் தயார்படுத்தாமல் மௌத்தாவதுதான் தோல்வி.

இன்று இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. சொந்த ஊர் எது என்று கேட்டால், சற்று யோசித்துத்தான் பதில் சொல்கிறார்கள். 2009இல் யுத்தம் முடிந்த பின்னர் திரும்பிப் போனவர்கள், காடு மண்டிய காணிகளையும் எல்லைப் பிரச்சினைகளையும் சந்தித்தார்கள். சிலர் போனார்கள், சிலர் இங்கேயே நிலைத்தார்கள், சிலர் இரண்டு ஊருக்கும் இடையில் நிற்கிறார்கள். போனவரைப் பேராசைக்காரர் என்றோ, நின்றவரைத் துரோகி என்றோ சொல்ல வேண்டாம். செய்ய வேண்டியவை வேறு இருக்கின்றன. காணி உறுதிகளைத் தேடி எடுத்துப் பத்திரப்படுத்துவது. மூத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே ஊரின் எல்லைகளையும் பள்ளிவாசல்களின் வரலாற்றையும் எழுதி வைப்பது. வாக்காளர் பதிவை ஒழுங்காக வைத்திருப்பது. அயலில் வாழப்போகும் தமிழ்ச் சகோதரர்களோடு பிள்ளைகள் பகையின்றிப் பழகக் கற்றுக்கொடுப்பது. புத்தளத்துக்காரர்களான நாங்கள் செய்ய வேண்டியது, இங்கு நிலைத்தவரை அகதி என்று அழைப்பதை இத்தோடு நிறுத்துவது.

2030க்கு இன்னும் அதிக காலமில்லை. யா அல்லாஹ், அநீதியால் ஊரிழந்தவர்களுக்கு அவர்களின் உரிமையை மீட்டுக் கொடுப்பாயாக. வாசலில் உட்கார்ந்துவிடும் சமூகமாக எங்களில் எவரையும் ஆக்கிவிடாதே. ஆமீன்.